ஓடைக்காட்டுக்குக் குறுக்கே

மூங்கில்தோட்டம், மேல்கணக்கு
11 யூன் 2023

பிரசாந்திக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று யோசிக்காதே. மேல்கணக்கில் சிக்னல் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டிப் பாறைவரை ஏற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஏறினேன். நீ எடுக்கவில்லை. மறுநாளும் ஏறினேன். அழைப்பே போகவில்லை. "ப்ளொக் பண்ணிட்டா, என்னையும்தான்" என்றார் உன் அண்ணன். ஒருவிதத்தில் நல்லது. போனில் என்றால் கத்தியிருப்பேன். எழுதும்போது யோசித்துத் திட்டலாம்.

வியாழக்கிழமை மண் வெட்டும் பெக்கோ மெஷினை லொறியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்தின் அடிப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து ஓடைக்காட்டின் நடுவரை வெட்டிய ரோடு சிவப்பு மண்ணாக அப்படியே கிடக்கிறது. தோட்டத் தலைவர் அழகமுத்து அண்ணே லொறிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏன் தம்பி நிப்பாட்டுறீங்க?"

"மேலிடத்துல இருந்து சொல்லிட்டாங்கய்யா. காட்டுல குருவி இருக்காம்."

"குருவி எந்தக் காட்டுலதான் இல்ல?"

"இது பறக்காம தரையில நடக்குற குருவியாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்த ஒருவர், "நம்ம ரபாயேல் அண்ணே மகதான் எழுதிக் குடுத்திருக்காம்" என்றார். மாமி என் பக்கத்தில்தான் நின்றார். முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு லயத்து வீட்டுப் பக்கம் நடந்தார். பெற்ற மகளைப் பற்றி ஊர் பேசும்போது அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அது உண்மையா? ஆம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

உன் அண்ணனின் மனைவி,
ஜெனிஸ்டா


அலுவிகாரை
20 யூன் 2023

அண்ணிக்கு,

ஆம்.

ஒரு சொல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த ஒரு சொல்லோடு கடிதத்தை மடித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விரும்பினால் மீதியைப் படியுங்கள்.

பல்கலைக்கழகத்துக்காக நான் செய்யும் பறவைக் கணக்கெடுப்பில் ஓடைக்காடும் ஒரு துண்டு. ரோடு வெட்டத் தொடங்கியதும் வன அதிகாரிகள் எங்கள் பேராசிரியரிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தக் காட்டில் நடந்தவள் நான் என்பதால் என்னை எழுதச் சொன்னார். அந்த இடத்தில் ரோடு வேண்டாம் என்று எழுதினேன். மேல்கணக்குக்கு வேறு இடத்தால் ரோடு வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே ரோடே வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள். இதில் நான் ஒளிய முடியாது.

பள்ளிக்கூடம் போகும்போது நாம் சருகுக்குருவி என்று சொல்வோமே, அதுதான். சிங்களத்திலும் அதே பெயர்தான், பரண்டல் குருல்லா. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்று, புதருக்குள் நடந்தே வாழ்நாளைக் கழிக்கும். சிறகு இருக்கிறது. ஆனால் வெளிச்சமான வெட்டவெளிக்கு வராது. வடக்கிலிருந்து கடல் தாண்டி வரும் பறவைகள் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் நம் லயத்துக்குப் பின்னால் வந்து கூவும் ஆறுமணிக்குருவி இமயமலை அடியிலிருந்து வருகிறது. அதுவும் தரையில் பூச்சி பொறுக்குவதுதான். அது அவ்வளவு தூரம் வரும். இது பெக்கோ வெட்டிய அகலத்தைத் தாண்டாது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

நான் சோதித்துப் பார்த்தேன். வெட்டிய மண்ணின் ஒரு கரையில் நின்று அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து காலில் நாங்கள் வளையம் போட்ட ஆண் குருவி கோபத்தோடு ஓடி வந்தது. தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்ற கோபம். சிவப்பு மண் தொடங்கும் இடம்வரை வந்து நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. நமக்கு அது பாதை. அதற்குக் கடல்.

ரோடு வந்தால் அதன் கீழ்ப்பக்கம், ஓடை இறங்கும் திசையில், ஒரு சின்னத் துண்டுக் காடு பிரிந்து நிற்கும். அதற்குள் இருக்கும் குருவிகள் அங்கேயே கிடந்து முடிந்துபோகும்.

உங்களைப் போனில் தடுத்ததற்குக் காரணம் கோபமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் எழுதியதை மாற்றிவிடுவேனோ என்ற பயம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசாந்தி


மூங்கில்தோட்டம், மேல்கணக்கு
2 யூலை 2023

பிரசாந்தி,

எப்போதிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாளிலிருந்து நான் உனக்கு ஜெனிதான். உன் அண்ணனைக் கட்டிய பிறகு மாமி உன்னைக் கண்டித்தபோதுகூட, "அவ எனக்கு மொதல்ல கூட்டாளி, பொறகுதான் அண்ணி" என்று சொன்னவள் நீ. திட்டுவதென்றால் நீ என்று திட்டு. மரியாதை கொடுத்து என்னைத் தள்ளி வைக்காதே.

கடல் என்று எழுதியிருந்தாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காடு எனக்கு என்ன என்று நான் சொல்லட்டுமா?

போன ஐப்பசி மழை. எனக்கு வலி வந்த பின்னேரம். கம்பளியில் என்னைக் கிடத்தி நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். உன் அண்ணன் கிறிஷாந்த், அழகமுத்து அண்ணே, அவருடைய மருமகன். மற்ற ஆண்கள் தேயிலை வேலைக்காட்டிலிருந்து வந்து சேரவில்லை. நாலாவது மூலையை நீ பிடித்தாய். லீவுக்கு வந்திருந்தாய். ஓடைக்கு இறங்கும் வழியில் வேரெல்லாம் வழுக்கியது. அழகமுத்து அண்ணே விழுந்தார். நானும் விழுந்தேன். யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. கீழ்க்கணக்கு போய், வேன் பிடித்து, மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் மெதுவாகச் சொன்னது உனக்கும் கேட்டது. "டிக்கக் கலின் ஆவா நம்." கொஞ்சம் முந்தி வந்திருந்தால். எனக்கு அது தமிழில் நினைவு வருவதேயில்லை. அந்தச் சிங்கள வார்த்தைகளாகவே காதில் நிற்கிறது.

அந்தப் பிள்ளையை நீயும்தான் கையில் வாங்கினாய்.

பிள்ளை மடுவத்தில் நாள் முழுக்க மற்றவர்களுடைய பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறேன். தாய்மார்கள் கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை அவர்கள் என் பிள்ளைகள். அதிலொன்றுக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தக் காட்டைத்தான் பார்ப்பேன். நீ அதற்குள் குருவியைப் பார்க்கிறாய். நான் அதற்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்க்கிறேன்.

இன்னொன்று. எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது. தை மாதம் என்கிறார்கள். அப்போதும் மழைதான். கிறிஷாந்துக்கும் மாமிக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இல்லை, பயமுறுத்தத்தான் எழுதினேன்.

ஜெனி


அலுவிகாரை
21 யூலை 2023

ஜெனி,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தேன். வாடகை வீட்டுக்காரி கைறுன்னிஸா அக்கா சோற்றுக் கோப்பையை மூடியபடியே திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது, "பசியோட கோவிச்சா கோவந்தான் கொழுக்கும் புள்ள" என்றார். கோபமில்லை அக்கா என்றேன். வேறு என்ன என்று கேட்டார்.

கம்பளியின் மூலை என் கையில் இருந்தது எனக்கு மறக்கவில்லை. அந்த அறிக்கையை எழுதும்போதும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஆனால் பேராசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: ரோடு வந்தால் இந்தப் பறவைகளுக்கு என்ன நடக்கும்? மனிதருக்கு என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. அங்கேதான் பிசகினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை அவரிடம் போனேன். பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒரு தாளில் கோடு போட்டார். ஒரே ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். மேலே இரண்டு பக்கத்துக் கிளைகளும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களில் ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. ஓரத்துப் புதரையும் சருகையும் துப்புரவாக்கக் கூடாது. எதிரில் வாகனம் வந்தால் காட்டுக்கு வெளியே, இரண்டு முனையிலும் ஒதுங்கலாம். வெளிச்சம் குறைவாக இருந்தால் குருவி தாண்டக்கூடும்.

"நிச்சயமா சேர்?" என்றேன்.

"நிச்சயம்னு சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. பாதை வெட்டின பிறகுதான் தெரியும்" என்றார்.

இதற்கு அதிகாரிகள் சம்மதிக்க வேண்டும். அதற்குமுன் தோட்டத்து ஆட்கள் சம்மதிக்க வேண்டும். லொறி போகும் ரோடு கேட்டவர்களுக்கு ஒரு வேன் மட்டும் போகும் ரோடு. அழகமுத்து அண்ணே என்னை முழுசாக விழுங்கிவிடுவார். அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்து பேச வேண்டும். நீ இருப்பாயா?

போனில் உன்னைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் இப்போது அழைக்காதே. எழுதினால்தான் நான் ஒழுங்காக யோசிக்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு.

பிரசாந்தி


மூங்கில்தோட்டம், மேல்கணக்கு
28 ஆகஸ்ட் 2023

பிரசாந்தி,

நேற்று நீ மண்டபத்தின் முன்னால் நின்று பேசினாய். நான் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து இருந்தேன். நீ பார்த்தது முகங்களை. நான் கேட்டது முதுகுக்குப் பின்னால் பேசுவதை. அதையும் நீ தெரிந்துகொள்.

நீ படங்களைக் காட்டியபோது பெண்கள், "இந்தா பாரு, நம்ம சருகுக்குருவி" என்றார்கள். எல்லோருக்கும் தெரியும் அதை. யாருக்கும் அதன்மேல் பகையில்லை. ஆனால் ஒடுக்கமான ரோடு என்று நீ சொன்னதும் அழகமுத்து அண்ணே எழும்பினார். அவர் உரக்கச் சொன்னது உனக்குக் கேட்டது: "நமக்கு எப்பவுமே பாதிதான். லயத்துல பாதிக் காம்பரா, பாதிக் கூரை, இப்ப குருவிக்காக பாதி ரோடு." அவர் உட்கார்ந்த பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. "இந்தப் புள்ளைக்கும் கஷ்டந்தான். படிச்சு வந்தும் நம்மகிட்ட ஏச்சு வாங்கத்தானே வந்து நிக்குது."

நான் எழும்பிப் பேசுவேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. கால் தானாக எழும்பிவிட்டது. "பாதி ரோட்டுலயும் ஆம்புலன்ஸ் வரும் அண்ணே. முழு ரோடு வர்ற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க ஏலாது" என்றேன். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். சட்டைக்கு மேலே அவ்வளவு தெரியும் என்று நான் நினைக்கவில்லை. அழகமுத்து அண்ணே தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் விழுந்தவர் அவர். அந்த நினைவு அவருக்கும் இருக்கிறது. நான் அதை வைத்து அவரை அடக்க நினைக்கவில்லை. ஆனால் அடக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது உறுத்துகிறது.

கை தூக்கினார்கள். சந்தோஷமாக இல்லை. ஆனால் தூக்கினார்கள்.

பிறகு நீ என்ன செய்தாய்? பையை மாட்டிக்கொண்டு, எனக்குத் தூரத்திலிருந்து கையைக் காட்டிவிட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டாய். மாமி அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வாசலில் நின்றார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், உனக்குப் பிடிக்கும் என்று. தேத்தண்ணி ஆறிய பிறகு அதைக் குடித்தவர் உன் அண்ணன். கோப்பையைக் கழுவி வைத்தார்.

ஊருக்கு முன்னால் வர முடிந்த உனக்கு வீட்டுக்கு வர முடியவில்லை.

ஜெனி


அலுவிகாரை
12 செப்டெம்பர் 2023

ஜெனி,

நீ எழும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முகத்தோடு அம்மாவின் முன்னால் நிற்க முடியாது என்றுதான் இறங்கினேன். இது பாதி உண்மை. மற்றப் பாதி, உன் வயிற்றைப் பார்க்கப் பயம். கிட்ட வந்தால் தொட்டுப் பார்க்கச் சொல்வாய். தொட்டால், அடுத்த நாள் என்ன அகலம் கேட்டாலும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அண்ணன் கோப்பையைக் கழுவினார் என்று எழுதியிருந்தாய். எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அப்பா செத்த பிறகு எனக்குப் பாடசாலைச் சப்பாத்துப் பூசி வைத்தவர் அவர். கோபம் வந்தால் அவர் ஏதாவது கழுவுவார். அவரிடம் சொல், அடுத்த முறை நான் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று.

செய்தி இதுதான். ஒடுக்கமான ரோட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எந்தெந்த மரத்தைத் தொடக்கூடாது என்று நானே போய் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். மேல்கணக்குக்கு ஏறாமல் திரும்பினேன். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன், யாராவது பார்த்துச் சொல்வதற்குமுன்.

வேலை அடுத்த மாதம்தான் தொடங்கும். மழையும் அப்போதுதான் தொடங்கும். ஓடைக்கு மேலே பாலம் போட வேண்டும். தை மாதத்துக்குள் முடியுமா என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "மழைகிட்ட கேளுங்க" என்கிறார்.

ஆகவே மார்கழி தொடங்கும்போதே நீ இங்கே வந்துவிடு. என் அறை சின்னதுதான். ஆனால் வாசலில் பஸ் நிற்கும், ஆஸ்பத்திரி கிட்ட. கைறுன்னிஸா அக்காவிடம் கேட்டுவிட்டேன். "மாசமான புள்ளைக்கு வீடு இல்லன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல" என்றார். நான் தரையில் படுப்பேன். ரோட்டை நம்பாதே. நான் எழுதியதை நம்பியும் இருக்காதே.

பிரசாந்தி


மூங்கில்தோட்டம், மேல்கணக்கு
3 டிசம்பர் 2023

பிரசாந்தி,

வரச் சொல்லி நீ அனுப்பிய செய்திகள் எல்லாம் பாறைக்கு ஏறியபோது மொத்தமாக வந்து விழுந்தன. நான் இப்போது வரவில்லை. மாமிக்கு நெஞ்சுச் சளி. மடுவத்தில் எனக்குப் பதிலாக வரவேண்டிய பிள்ளை சுதர்சினி இன்னும் வந்து சேரவில்லை. கிறிஸ்மஸ் பூசை முடிந்து, வருடம் பிறந்ததும் வருகிறேன். உன் அண்ணனும் அதையே சொல்கிறார்.

ரோடு மேலேயும் கீழேயும் வந்துவிட்டது. நடுவில் ஓடைதான் பாக்கி. தண்ணீர் குறைந்தால்தான் பாலத்துக்கு அத்திவாரம் வெட்டலாமாம்.

மரம் வெட்டும் நாளில் நான் போய் நின்றேன். உன் சுண்ணாம்பு அடித்த மரங்களை ஒருவரும் தொடவில்லை. அழகமுத்து அண்ணேதான் காவல். அன்றைக்குக் கத்தினவர், இப்போது பெக்கோக்காரப் பையன் ஒரு கிளையை ஒடித்ததற்குச் சண்டை பிடிக்கிறார். "ஒத்துக்கிட்டோம்ல. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்" என்கிறார்.

அங்கே நிற்கும்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூட நாட்களில் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறோம், அது என்ன செய்கிறது என்று நான் நின்று பார்த்ததேயில்லை. சருகுதான் நகர்கிறது என்று நினைத்தேன். பிறகு அந்தச் சருகுக்குக் கால் இருந்தது. அலகால் ஒரு இலையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தது. எறியவில்லை பிரசாந்தி, வைத்தது. அடியில் இருந்ததைத் தின்றது. அடுத்த இலை. கூடவே இன்னொன்று. ஒன்று கூப்பிட, மற்றது உடனே பதில் சொன்னது. மெஷின் சத்தம் எழும்பியதும் இரண்டும் கீழ்ப்பக்கத்துத் துண்டுக்குள் போய்விட்டன. அது சின்னத் துண்டு என்று நீ எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது.

எனக்கு ரோடு வேண்டும். இன்றைக்கும் வேண்டும். ஆனால் அதுகள் அந்தப் பக்கம் போனபோது, வேறு பக்கம் போயிருக்கலாமே என்று மனதுக்குள் சொன்னேன். கூப்பிட்டுச் சொல்ல முடியுமா?

வருடம் பிறந்ததும் வருகிறேன். தரையில் நீ படுக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுக்கலாம், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் படுத்தது போல.

ஜெனி


அலுவிகாரை
25 பெப்ரவரி 2024

ஜெனி,

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது குருவிகளின் பேச்சை நான் எடுக்கவில்லை. பிள்ளை உன் மார்பில் கிடந்தாள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் வேறு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நினைத்தேன்.

நீ இங்கே வருவதற்கு ஆயத்தமாகப் பெட்டி கட்டிய காலையில் வலி வந்தது என்று அண்ணன் சொன்னார். கதிரையில் உட்கார வைத்து மேல் ரோட்டில் ஓட்டமாக வந்தார்களாம். "வேர் இல்ல, வழுக்கு இல்ல, ஓடவே முடிஞ்சிச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓடையில் மட்டும் ஆட்கள் தண்ணீருக்குள் வரிசையாக நின்று கதிரையைக் கைமாற்றினார்களாம். அக்கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றேன். நீ இறங்கும்போது என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அந்த வலி போகாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த ரோடு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

பாலம் முடிந்த பிறகு இந்த மாதம் ஓடைக்காட்டில் காலைதோறும் நடந்தேன். மேல்பக்கத்தில் சருகுக்குருவிகள் இருக்கின்றன. கீழ்ப்பக்கத்துத் துண்டில் சத்தமில்லை. குரலை ஒலிக்கவிட்டும் பதிலில்லை. கீழ்ப்பக்கத்துக் குருவிகளுக்கு நாங்கள் முன்பே வளையம் போட்டிருந்தோம். நீ பார்த்த அந்த இரண்டும் தாண்டி வந்திருந்தால் காலில் வளையத்தோடு மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். தேடினேன். இல்லை. பூனையோ கீரியோ பிடித்திருக்கலாம். மண் காய்ந்து பூச்சி குறைந்திருக்கலாம். மறுபடி வரலாம், வராமலும் போகலாம்.

இதை அறிக்கையில் எழுத வேண்டும். ஒடுக்கமாக வெட்டியது போதவில்லை என்று. எழுதாவிட்டால் நாளைக்கு வேறொரு காட்டில் இதே அகலத்தைக் காட்டி, "அங்கே சரிவந்தது" என்பார்கள். எழுதினால் வேறொரு தோட்டத்தில் வேறொரு ஜெனிக்கு ரோடு இல்லை என்று சொல்லவும் அதையே காட்டுவார்கள். இரண்டு இரவாக வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்குக் கோபம் வந்தால் அண்ணனைப் போலவே உதட்டை மடிக்கிறாள் என்று அம்மா சொன்னார். பெயர் வைத்துவிட்டீர்களா?

பிரசாந்தி


மூங்கில்தோட்டம், மேல்கணக்கு
17 மார்ச் 2024

பிரசாந்தி,

பெயர் ஹம்சிகா. மாமிக்குப் புனிதர் பெயர் வேண்டுமாம். அதனால் ஞானஸ்நானத்தில் அந்தோனியம்மா, வீட்டில் ஹம்சிகா. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் வஹகோட்டைக் கோயிலில். ஞானத்தாய் நீதான். மறுத்தால் உன் அண்ணன் வீட்டிலுள்ள பாத்திரம் முழுவதையும் கழுவிவிடுவார்.

அறிக்கையை எழுது. பாதி எழுதி நிறுத்தாதே. முன்பு உன்னிடம் கேட்கப்படாத கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுது. ரோடு வந்தது, ஒரு பிள்ளை உயிரோடு பிறந்தது, ஓடைக்குக் கீழே குருவிச் சத்தம் நின்றுபோனது. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுது. அதைப் படித்து யார் என்ன முடிவெடுத்தாலும், ஒன்றை மட்டும் படித்துவிட்டு எடுக்க முடியாதபடி எழுது. எனக்கு அறிக்கை எழுதத் தெரியாது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்த பிறகு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம்வரை போகிறேன். பாலத்தின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும். அழகமுத்து அண்ணே ஒருநாள் வந்து பக்கத்தில் நின்றார். "என்னா புள்ள, கேக்குதா?" என்றார். மேலே கேக்குது அண்ணே என்றேன். அவரும் கீழ்ப்பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சருகு கிடக்கட்டும், கூட்ட வேணாம்னு பயலுகளுக்குச் சொல்லி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போனார்.

நேற்றுக் காலையில் கீழ்ப்பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது போலிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர் கல்லில் படும் சத்தம்தான். வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது, கேட்டேன் என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். நீ நம்பியிருப்பாய். நான் சொன்னால் நீ நம்புவாய். ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

ஆனால் எழுதவில்லை. கீழ்ப்பக்கத்தில் சத்தமில்லை பிரசாந்தி.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாளே வா. ஆட்டோவைக் கீழ்க்கணக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறு. நானும் பிள்ளையோடு பாலத்துக்கு வருகிறேன். அவளை நீ வாங்கிக்கொள். மூன்று பேருமாகக் கொஞ்ச நேரம் நிற்போம். கேட்டால் கேட்கட்டும். கேட்காவிட்டாலும் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

ஜெனி